காசியானோ தோண்டிய குழிகள்

யுகாத்தானில் மண் ஒரு சாண் ஆழம்தான். அதற்குக் கீழே முழுக்கச் சுண்ணாம்புப் பாறை. அங்கே சோளம் விதைப்பவனுக்கே பாதி ஆயுள் போய்விடும். குழி தோண்டுகிறவன் எப்பேர்ப்பட்ட ஆளாக இருக்க வேண்டும்! எங்கள் ஊர் காசியானோ உக் அப்பேர்ப்பட்ட ஆள்தான். பதினெட்டு வயதில் கடப்பாரையைப் பிடித்தவர், ஐம்பத்திரண்டு வயதுக்குள் நாற்பது வீடுகளுக்குக் கக்கூஸ் குழி தோண்டிக் கொடுத்துவிட்டார். அவர் தோண்டிய ஒரு குழிகூட நிரம்பியதில்லை. இந்தப் பெருமைக்காகவே திருவிழாப் பன்றிக் கறியில் முதல் துண்டு அவருக்குப் போகும்.

ரகசியம் ஒன்றுமில்லை. பாறையில் வெடிப்பு தட்டுப்படும்வரை இடிப்பார்; தட்டுப்பட்டதும் நிறுத்துவார். அதற்குப் பிறகு விழுவதெல்லாம் எங்கே போகிறது என்று கேட்குமளவுக்கு ஊரில் யாருக்கும் அறிவு முற்றவில்லை.

இத்தனைக்கும் அவர் வீட்டில் கக்கூஸ் கிடையாது. மனைவி பாசிலியா முப்பது வருடமாகக் கொல்லைப் புதருக்குத்தான் போய்வந்தாள். ஒரு காலையில் அவளுக்கு முன்பே ஒரு விரியன் வந்து இடம் பிடித்திருந்தது. அலறியடித்து ஓடிவந்தவள் கணவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் தோண்டுற கைக்கு நம்ம கொல்ல மட்டும் கண்ணுல படலையா? குழி வர்ற வரைக்கும் அடுப்பு எரியாது, சொல்லிட்டேன்."

அன்றே கொல்லையில் தோண்டத் தொடங்கினார். ஒன்பதாம் நாள் கடப்பாரை அவர் கையைவிட்டு நழுவி உள்ளே போனது. சற்றுப் பொறுத்து அடியிலிருந்து 'தொபுக்' என்று சத்தம் கேட்டது. கயிற்றில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்த்தார்கள். கீழே நீலமாய்த் தண்ணீர். அத்தி வேர்கள் சடைசடையாய்த் தொங்கின. கண்ணே இல்லாத வெள்ளை மீன்கள் விளக்கைச் சட்டைசெய்யாமல் நீந்தின.

பாசிலியா சிலுவை போட்டுக்கொண்டாள். "நான் கக்கூஸ் கேட்டேன். நீங்க மழைச்சாமி வீட்டுக் கூரையப் பேத்து வச்சிருக்கீங்க. அவரு தலைக்கு மேல நான் உக்காரணுமாக்கும்?"

சேதி பரவி, தண்ணீரைச் சோதிக்கும் பெண் ஒருத்தி நகரத்திலிருந்து வந்தாள். பெயர் ரொமெலியா. அரை மணி நேரம் மீன்களை நலம் விசாரித்தாள். பிறகுதான் மனிதர்கள் பக்கம் திரும்பினாள்.

"ஊர்க் குழியெல்லாம் நீங்க தோண்டினதாங்க, ஐயா?"

"நாப்பதும் நான்தாம்மா. ஒண்ணுகூட நெறஞ்சதில்ல."

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாராட்டு வரும் என்று காசியானோ நெஞ்சை நிமிர்த்திக் காத்திருந்தார். வரவில்லை. அவள் போய், பாசிலியாவின் அண்ணன் எர்மிலோ வீட்டுக் கக்கூஸில் ஒரு குடம் பச்சைச் சாயத்தை ஊற்றினாள். இரண்டாம் நாள் ஊர்க் கிணற்றில் இறக்கிய வாளி கிளிப்பச்சையாக மேலே வந்தது.

ஊர் கூடியது. விஷயத்தைத் தீர விசாரித்து, குற்றவாளி அந்தப் பெண்தான் என்று கண்டுபிடித்தது.

"நல்லாயிருந்த கெணத்தக் கெடுத்துட்டா!" என்று குதித்தார் எர்மிலோ.

"அவ கெணத்துல ஊத்தல மச்சான். உன் கக்கூஸ்ல ஊத்தினா," என்றார் காசியானோ.

"என் கக்கூஸ்ல ஊத்தினா கெணத்துக்கு என்னய்யா வந்துச்சு?"

காசியானோவுக்குப் பதில் தெரிந்துவிட்டது. மழைக்காலம் தோறும் பிள்ளைகளுக்கு வயிறு போகும். கெட்ட காற்று என்று சொல்லி, முட்டையை உடம்பில் உருட்டி விரட்டுவார்கள். அவருடைய மூன்று வயது மகளுக்கும் ஒருமுறை உருட்டினார்கள். காற்று போகவில்லை, மகள்தான் போனாள். கூட்டம் கலைந்து வீட்டுக்கு வந்தவர் மூன்று நாள் தொங்கு படுக்கையை விட்டு இறங்கவே இல்லை. குழி வராமலே பாசிலியா அடுப்பை மட்டும் மூட்டினாள்.

நான்காம் நாள் எழுந்தார். கொல்லை ஓட்டையைச் சுற்றி வேலி போட்டார். தரைக்கு மேலே, ஒரு சொட்டுக்கூடக் கசியாத சிமெண்டுத் தொட்டி கட்டி, அதன் தலையில் கக்கூஸை வைத்தார். ஏறிப்போக ஐந்து படிகள். பாசிலியா எப்போது போகிறாள், எப்போது வருகிறாள் என்பது ஊருக்கே தெரியும்.

"என்ன மச்சான், பழைய ராசாக்க மாதிரி பிரமிடு கட்டிட்டீங்க? பலி எப்போ?" என்று கேட்டார் எர்மிலோ.

"தெனமும் காலையில," என்றாள் பாசிலியா. "வந்து பாக்குறியாண்ணே?"

காசியானோ வீடு வீடாகப் போய்ப் பழைய குழியை மூடச் சொல்லிக் கெஞ்சினார். பச்சை வாளியைக் கண்ணால் பார்த்தவர்கள்கூட அசையவில்லை. ஊரைத் திருத்தியது வேறொன்று. மறு வருடம் ஊர்த் தலைவரின் மனைவி ஆள் அனுப்பினாள்: பாசிலியாவுக்கு ஐந்து படியென்றால் தனக்கு ஏழு வேண்டும். அடுத்த வாரம் கடைக்காரர் ஒன்பது கேட்டார். இரண்டே வருடத்தில் முப்பத்தொரு வீட்டுக் கக்கூஸ் வானத்தை நோக்கி வளர்ந்தது. காசியானோ யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. படியைக் கட்டினார், குழியை மூடினார்.

கடைசியில் எர்மிலோவும் இறங்கிவந்தார். இல்லை, ஏறினார்: பதினொரு படி. கொண்டுவந்த சாமான் எல்லாம் படிகளுக்கே சரியாகிவிட்டது. இப்போது தினமும் காலையில் உச்சியில் உட்கார்ந்து, தெருவில் போகிறவர்களிடம் அரசியல் பேசுகிறார்.

"கதவு போட்டுத் தரட்டுமா மச்சான்?" என்று கீழேயிருந்து கேட்டார் காசியானோ.

"இருக்கட்டும்யா, காத்து நல்லா வருது."