மூணாவது தபா

ஆரோக்கியமேரி கன்னத்தில் கிராம்பை ஒதுக்கிக்கொண்டு, வாசற்படியில் ஒரு காலை வைத்து, அன்றைய முதல் பெயரைக் கூப்பிடுகிறார். வராந்தாவின் கோடியில் செல்போனில் மூழ்கியிருந்தவர் துள்ளி எழுகிறார். மேரியக்கா குடும்பநல நீதிமன்றத்தின் அலுவலக உதவியாளர். வெள்ளைப் புடவை, தோளுக்குக் குறுக்கே சிவப்பு டவாலிப் பட்டை. வழக்குக்கு வந்தவர்களைப் பெயர் சொல்லி அழைப்பவர். நான் உள்ளே தட்டச்சு செய்பவன்.

ஒரு பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். அதற்கும் வராவிட்டால் ஆள் வரவில்லை என்று பதிவாகிவிடும். மேரியக்கா முதல் முறை வாசலில் நின்று கூப்பிடுவார். இரண்டாவது முறை வராந்தா முழுக்க நடப்பார். மூன்றாவதற்குப் படியிறங்கி வெளிக் கேட்டுக்கே போய்விடுவார். "மூணு தபா கூப்டணும்னுதான் வயக்கம். எங்க நின்னு கூப்டணும்னு எவனாவது சொல்லிகிறானா?"

வராந்தாவும் அவர் ஆட்சிதான். "வக்கீல் தம்பி, கோட்டு மாட்டிகினு ஃபேனுக்கு அடியிலயே நின்னா, கொழந்த வச்சிகினு கீறவ எங்க நிப்பா? நவுரு." சண்டைக்கு நிற்கும் இரண்டு தாய்மார்களிடம், "சம்மந்தியம்மாங்களா, கட்டிக்கினது நீங்களா, அவுங்களா?" இருவரும் ஒன்றுசேர்ந்து அவரை முறைப்பார்கள். "அப்பாடா, ராசியாயிட்டீங்க" என்று அடுத்த பெயருக்குப் போய்விடுவார்.

மாதக் கடைசியில் ஒரு கணக்கு போகும். வந்தவை, முடித்தவை, நிலுவை. சேர்ந்து போனவர்கள், பிரிந்து போனவர்கள், ஆள் வராமல் தள்ளுபடியானவர்கள் எல்லோரும் 'முடித்தவை' என்ற ஒரே கட்டத்துக்குள்தான் அடங்குவார்கள். அதைத் தட்டும்போது எனக்கு விரல் கொஞ்சம் தயங்கும். தலைமை எழுத்தர் பாக்கியநாதனுக்கு அந்தத் தயக்கம் கிடையாது. நிலுவை இறங்கினால் அவருக்கு ரத்த அழுத்தம் இறங்கும்.

இந்த ஆடியில் மாதக் கடைசி வெள்ளிக்கிழமையாக வாய்த்தது. பெரியபாளையத்தில் அம்மனுக்குக் கூட்டம். கும்மிடிப்பூண்டிப் பக்கத்திலிருந்து வருகிற பஸ் எதுவும் நேரத்துக்கு வரவில்லை. மோனிகாவின் ஜீவனாம்ச மனு அன்று இருந்தது. அவளுக்குக் கவரைப்பேட்டையில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. லீவு கிடைக்காமல் போன வாய்தாவுக்கும் வரவில்லை. இன்றைக்கும் வராவிட்டால் தள்ளுபடி என்று நீதிபதி சொல்லியிருந்தார். அப்படியானால் மகளுக்கான ஜீவனாம்சத்துக்கு மறுபடி முதலிலிருந்து அலைய வேண்டும். அவளுடைய வக்கீல் போனைக் காதில் வைத்தபடி உதட்டைப் பிதுக்கினார்.

"மேரிம்மா, சட்டுனு கூப்ட்டு முடிங்க. ஒண்ணு கொறையட்டும்" என்றார் பாக்கியநாதன்.

"கணக்கு உங்களுது சார். தொண்ட என்துது."

இரண்டு முறை கூப்பிட்டாயிற்று. ஸ்டீவன், மோனிகாவின் கணவன், இஸ்திரி போட்ட சட்டையில் முன்வரிசையில் நின்றான். மேரியக்கா படியிறங்குவதைப் பார்த்துச் சிரித்தான். "இன்னாக்கா, ரோட்டுக்கே போயி கூப்டுவியா?"

"போவேன். போன வாய்தாவுக்கு டீக்கடையிலேர்ந்து வாயத் தொடச்சிகினு ஓடியாந்தியே, அது எத்தினியாவது தபா நைனா?"

வராந்தா சிரித்தது. ஸ்டீவன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டான்.

உள்ளே நீதிபதி வழக்குக் கட்டின் மேல் பேனாவை வைத்துக் காத்திருந்தார். நான் ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். கேட்டருகே நின்று மேரியக்கா மூச்சை இழுத்து, "மோனிகா" என்று ஆரம்பித்தார். எதிர்ச்சாரியில் பஸ் ஒன்று அப்போதுதான் கூட்டத்தை உதிர்த்துவிட்டுக் கிளம்பியது. உதிர்ந்தவர்களில் மோனிகாவும் இருந்தாள், கம்பெனிச் சீருடையோடு, இடுப்பில் பெண் குழந்தையோடு. குறுக்கே காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள், இடைவெளியே விடாமல். அவள் ஒரு காலைச் சாலையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள்.

மேரியக்கா கேட்டைத் தாண்டினார். டவாலியை ஒரு கையால் நெஞ்சோடு அழுத்திக்கொண்டு நடுச்சாலைக்கு இறங்கி, வந்துகொண்டிருந்த லாரியின் முகத்துக்கு நேரே மற்றக் கையை உயர்த்தினார். லாரி புஸ்ஸென்று நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டி ஏதோ கத்தினார். மேரியக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கையையும் இறக்கவில்லை. மோனிகா இந்தப் பக்கம் வந்து சேரும்வரை, அவள் பெயரின் கடைசி எழுத்தை நிறுத்தாமல் இழுத்துக்கொண்டே நின்றார்.