எங்கள் ஆஸ்பத்திரிக்கு வைஃபை போட்ட யோகராஜ்

காலையில் பணி மாறும் நேரத்தில் அய்யம்பாளையத்திலிருந்து யோகராஜின் மகள் அழைத்தாள். "அப்பா வெள்ளனே போயிட்டாங்க சிஸ்டர். தூக்கத்துலயே." வெளியே மூடுபனி இன்னும் விலகவில்லை.

அவரை அறிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கொடைக்கானல் சரிவில் சிதறிக் கிடக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக் கட்டடங்கள் அத்தனைக்கும் வயர்லெஸ் இணைப்பு கொடுத்து, ஓய்வு பெறும்வரை பார்த்துக்கொண்டவர் அவர்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிய குடும்பம். 'தப்பு' என்ற சொல் அவர் வாயில் வராது, 'பிழை' என்பார்.

முதல் வாரமே எங்களுக்குள் சண்டை. வரைபடத்தில் வைஃபை பெட்டிகளையெல்லாம் வராந்தாவில் குறித்திருந்தார். "நோயாளி என்ன, வராந்தாவுலயா படுத்திருக்காங்க?" என்று கேட்டேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, காலிக் கட்டில் ஒன்றில் போனோடு படுத்துக் கம்பளியையும் போர்த்திக்கொண்டார். வார்டே சிரித்தது. "சிஸ்டர் சொன்னது சரிதானே. இந்தக் கல்சுவரத் தாண்டி இங்க ஒன்னும் வரல்ல" என்றார். அப்படியே கட்டில் கட்டிலாகப் படுத்துப் பார்த்து, பெட்டிகளை வார்டுக்குள் மாற்றினார்.

பிரசவ வார்டில் ஒரு கருவி உண்டு. வயிற்றிலுள்ள குழந்தையின் இதயத்துடிப்பு குறைந்தால், வைஃபை வழியே நர்ஸின் கைபோனுக்கு எச்சரிக்கை அனுப்பும். ஒரு மழைநாள் மதியம் அந்த எச்சரிக்கை வரவில்லை. வெள்ளகவியிலிருந்து வந்திருந்த பெண்ணைத் தற்செயலாக எட்டிப் பார்த்த நர்ஸ்தான் திரையைக் கண்டு டாக்டரை அழைத்தாள். குழந்தை நல்லபடியாகப் பிறந்தது.

மறுநாள் கூட்டத்தில் நாங்கள் எல்லோரும் கருவியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். யோகராஜ் எழுந்தார். "மெஷின்ல பிழை இல்ல. பிழை என்னுது. நர்ஸ் வார்டு விட்டு வார்டு போற நேரம், போன் ஒரு பெட்டிய விட்டு அடுத்த பெட்டியப் பிடிக்கணும். நடுப் படிக்கட்டுல அது விட்டுப்போகுது. கட்டில் எல்லாம் பார்த்தேன், படிக்கட்ட நடந்து பார்க்கல்ல."

அப்போது அவர் ஒப்பந்த ஊழியர். அன்றே வேலை போயிருக்கலாம். அவர் சொல்லியிராவிட்டால் எங்களுக்குத் தெரிந்தே இருந்திருக்காது.

கூட்டம் முடிந்ததும் அந்தத் தாயிடமே போய் நடந்ததைச் சொன்னார். அவள் குழந்தையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். "புள்ள நல்லாத்தான் கெடக்கு. நீங்க வெரசா போயி அந்தச் சோலியப் பாருங்கண்ணே" என்றாள்.

இரண்டு நாள் அந்தப் படிக்கட்டில் போனோடு ஏறி இறங்கினார். மூன்றாம் நாள் அங்கே ஒரு பெட்டி ஏறியது. அதற்குப் பிறகு எச்சரிக்கை ஒருமுறைகூடத் தவறியதில்லை. புதுக் கட்டடம் வந்தபோது நிர்வாகி வேறு யாரையும் தேடவில்லை. அவரையே நிரந்தரமாக வைத்துக்கொண்டார்.

அவர் மாட்டிய பெட்டிகள் பழசாகிவிட்டன. விரைவில் புதியவை வரும். எனக்கு அவரிடமிருந்து மிஞ்சியது வேறு. போன மாதம் ஒரு நோயாளிக்கு ஊசியை ஒரு மணி நேரம் தாமதமாகப் போட்டுவிட்டேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. வார்டு நோட்டில் நானே அதை எழுதி, கீழே முழுப் பெயரோடு கையெழுத்துப் போட்டேன்.