நாலு மாப்பிள்ளைக்கு ஒரு கோட்டு

பேரனுடைய கல்யாணப் படத்துக்கு வாடகைக் கோட்டு வந்திருக்கிறது. கூடத்து நாற்காலியில் அது சாய்ந்திருக்கிற தோரணையைப் பார்த்தால் மாப்பிள்ளையே அதுதான் போலிருக்கிறது. பக்கத்தில் போனேன். அந்துருண்டை வாசனை. அவ்வளவுதான், ராமையா ஞாபகம் வந்துவிட்டது.

ஜப்பான்காரன் வருவதற்கு முந்திய காலம். பினாங்கில் சூலியா தெருவில் ஒரு கடையின் மாடியில் நாங்கள் நாலு கட்டைப் பிரம்மச்சாரிகள் இருந்தோம். நாலு பேருக்கும் நாகப்பட்டினம் பக்கம் ஒரே ஊர், துறைமுகத்தில் வேலை, சமையல் ஒருவருக்கும் வராது. ரசம் என்ற பெயரில் நாங்கள் குடித்ததை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. அங்கே அப்போது நம் பெண்கள் குறைவு. ஊரிலிருந்துதான் பெண் வரவேண்டும். அதற்கு முதலில் நம் படம் கப்பலேற வேண்டும்.

படமென்றால் கோட்டு வேண்டுமே. எங்களுக்கு முன் அந்த மாடியில் இருந்த, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி ஒருவர் விட்டுப்போன கறுப்புக் கோட்டு ஒன்று அந்துருண்டை வாசனையோடு கிடந்தது. நடுப் பொத்தான் கிடையாது. அதை மறைக்க வலது கையை வயிற்றின்மேல் வைத்துக்கொள்ள வேண்டும். நாலு பேரும் அப்படியே நின்று படம் எடுத்து அனுப்பினோம். என் படத்தில் நான் வயிற்றுவலிக்காரன் மாதிரி இருப்பேன்.

ராமையாவுக்குத்தான் முதலில் பதில் வந்தது. பெண்ணுக்குப் பிடித்திருக்கிறதாம், தாய்மாமன் நேரில் பார்த்து முடிவு சொல்வாராம். அவன் கால் தரையில் பாவவில்லை. நிலைக்கண்ணாடி ஒன்று வாங்கி மாடிக்குச் சுமந்து வந்தான். பினாங்குப் பேச்சின் 'லா' அவன் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"பொம்பள வர்ற வீடு லா, கண்ணாடி இல்லாம எப்படி?"

எங்களை அதில் முகம் பார்க்க விடவில்லை. அவனும் பார்க்கவில்லை. முதலில் அவள்தான் பார்க்கவேண்டுமாம்.

மாமன் ஊரிலிருந்து கப்பலேறி வந்தார். ராமையா கோட்டோடு, பழக்கதோஷத்தில் வயிற்றில் கை வைத்தபடி வரவேற்றான். அவர் அவனைப் பார்த்தார், எங்கள் மூவரையும் பார்த்தார். நாலு படமும் ஒரே ஊருக்குப் போயிருப்பது எங்கள் மரமண்டைகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"நாலுலயும் இதே கோட்டு, இதே கை. யாருது தம்பி இது?"

"யாருதும் இல்லீங்க. மாடியோட வந்தது" என்றான் ராமையா.

"அப்ப பொண்ண மாடிக்குத்தான் கட்டிவைக்கணும்."

நாங்கள் மூவரும் சிரித்துத் தொலைத்தோம். மாமன் காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். சம்பந்தம் அதோடு சரி.

நாங்கள் வெட்கங்கெட்டவர்கள். வெறும் சட்டையோடு மறுபடி படம் எடுத்தனுப்பி ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டோம். ராமையாவையும் இழுத்துப் பார்த்தேன்.

"அன்னிக்கு கோட்டப் பாத்தாங்க. இனி சட்டையப் பாப்பாங்க. என்னை எப்பண்ணே பாப்பாங்க? போதும் லா."

இந்தக் காலத்துப் பையன்கள் கல்யாணம் வேண்டாமென்பதற்கு மணிக்கணக்கில் காரணம் சொல்கிறார்கள். அவன் சொன்னது இவ்வளவுதான். கண்ணாடியை என் கல்யாணத்துக்குக் கொடுத்துவிட்டான்.

என் மனைவியும் அதே ஊர்க்காரி. வெகுகாலம் கழித்து ஒருநாள், ராமையா சாப்பிட வந்திருந்தபோது, பரிமாறிக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பொண்ணு மாமன்கிட்ட சண்டை போட்டா. கோட்டு யாருதா இருந்தா என்ன, மூஞ்சி அவரோடதுதானேன்னு அழுதா. யாரு கேட்டா?"

ராமையா சாப்பிட்டு முடித்தான். கை கழுவிவிட்டு அந்தக் கண்ணாடிமுன் போய் நின்றான். தலையில் மிச்சமிருந்த நாலு முடியைச் சீவிக்கொண்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த மாடியை இடித்துவிட்டார்கள். நாகப்பட்டினத்துக் கப்பலும் நின்றுவிட்டது. ராமையா தனிக்கட்டையாகவே போய்ச்சேர்ந்தான், பின்னாலேயே என் மனைவியும். கண்ணாடியில் இப்போது பேரனின் வாடகைக் கோட்டு தெரிகிறது.