பரணில் விறகு அடுக்கியது நான்

சபையில் சாட்சி சொல்ல எழுந்து நிற்கிறவர்கள் நடந்த நன்மையை முதலில் சொல்லிவிட்டு, பிறகு அழுவார்கள். எனக்கு அப்படி வராது. கசப்பைத்தான் முதலில் சொல்லப் போகிறேன். கேட்கப் பிடிக்காதவர்கள் மன்னித்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டுக்காரர் சாமுவேல் படையில் இருபத்திரண்டு வருஷம் தீயணைப்பு வீரராக இருந்தவர். அவர் முகாமில் சாகவில்லை. தோட்டத்து வரிசை வீட்டில், சொந்த லயத்தில், சொந்தக் காம்பிரா அறைக்குள், நான் அடுக்கி வைத்த விறகு எரிந்து செத்துப் போனார். அதற்குப் பிறகு எங்கள் ஒரே மகள் எஸ்தர் பேசுவதை நிறுத்தினாள். கொஞ்ச நாளில் சாப்பிடுவதையும் நிறுத்தினாள். அவளையாவது எனக்கு விட்டுவைக்கும்படி நான் கேட்ட ஜெபமும் அதற்கு வந்த பதிலும்தான் இந்தச் சாட்சி.

எங்கள் தோட்டம் யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கிறது. கீழ்மலை ரப்பர், மேல்மலை தேயிலை. நான் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவள். சாமுவேலும் இதே லயத்தில் பிறந்தவர்தான். சிங்களம் தண்ணீர் மாதிரி பேசுவார். படைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, யாரிடமும் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். தோட்டத்தில் அவரை "ஆமிக்காரன்" என்று ஒரு மாதிரி இழுத்துச் சொல்வார்கள். முகாமில் அவர் பிரிவில் அவர் ஒருவர்தான் தமிழ். அங்கேயும் இழுத்துத்தான் சொல்லியிருப்பார்கள். அவர் இரண்டுக்கும் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவருடைய முகாமில் விமானங்கள் வந்து இறங்கும். ஒவ்வொன்று இறங்கும்போதும் ஏறும்போதும் அவர்கள் முழு உடுப்போடு தீயணைப்பு வண்டியில் உட்கார்ந்திருக்க வேண்டும். "வெயில்ல வெந்துக்கிட்டு சும்மா ஒக்காந்துட்டு வர்றதுக்கா சம்பளம்?" என்று நான் சீண்டுவேன்.

"ஒன்னும் நடக்காம இருந்தா அதுதான் புள்ள எங்க வேல" என்பார்.

லீவில் வந்தால் அவர் கால் தரையில் நிற்காது. எஸ்தரின் பள்ளிச் சப்பாத்தைக் கழுவி வெள்ளை பூசி வெயிலில் வைப்பார். அவளுக்குத் தலை பின்னிவிடுவார், என்னைவிட நன்றாக. காலையில் தேங்காய் ரொட்டியும் சம்பலும் அவர் கையால்தான். வேலைக்குப் போகும் எனக்கு ஒரு ரொட்டியைச் சுற்றிப் பையில் வைத்துவிடுவார். லயத்து ஆம்பிளைகள் கேலி பண்ணுவார்கள். அவர் அதற்கும் சிரிப்பார்.

ஒரே ஒரு விஷயத்தில்தான் அவருக்குச் சிரிப்பு வராது. அது பரண்.

எங்கள் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியும். பெய்யத் தொடங்கினால் விறகு காய வழி இல்லை. ரப்பர் விறகு ஈரத்தில் எரியாது, புகைந்தே ஆளைக் கொல்லும். அதனால் எல்லா வீட்டிலும் அடுப்புக்கு நேர் மேலே பரண் கட்டி, விறகை அதில் அடுக்கிக் காயவைப்போம். அம்மா காலத்திலும் அப்படித்தான். பத்துக் காம்பிராவுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டில் பிடித்தால் பத்து வீட்டுக்கும் நெருப்பு மேலாலேயே நடந்து போகும் என்று சாமுவேல் வாசல் வாசலாகப் போய்ச் சொன்னார். விறகு காயவைக்க ஒரு கொட்டகை போட்டுத் தரச் சொல்லி ஆபீசுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். கொட்டகை வரவில்லை.

சொல்லிச் சொல்லி ஒரு நாள் கோபத்தில் எல்லாப் பரணையும் அவரே காலி பண்ணினார். யாரும் எதிர்த்துப் பேசவில்லை. அவர்மேல் மரியாதை இருந்தது. அவர் பஸ் ஏறின மறுநாள் விறகு மேலே போனது.

அன்றிலிருந்து அது லயத்து வழக்கமாகவே ஆகிவிட்டது. லீவு கிடைத்ததும் அவர் எனக்கு போன் பண்ணுவார். நான் பக்கத்துக் காம்பிரா பார்வதி அக்காவிடம் சொல்வேன். "ஒங்க வீட்டுக்காரரு வந்தா எங்களுக்கும்ல சோதன!" என்று சிரித்துக்கொண்டே அக்கா விறகை இறக்குவார். அடுத்தடுத்து பத்து வீட்டிலும் இறக்குவார்கள். கட்டிலுக்கு அடியில் தள்ளுவோம், பின்பக்கம் பொலித்தீன் போட்டு மூடுவோம். சாமுவேல் வந்து ஒவ்வொரு பரணையும் அண்ணாந்து பார்த்து, "இப்பதான் எங்க ஆளுங்களுக்குப் புத்தி வந்துச்சு" என்று சந்தோஷப்படுவார். எங்கள் லயத்தைப் பற்றி முகாமில் பெருமையாகச் சொல்லுவாராம். அதைச் சவ வீட்டுக்கு வந்த அவருடைய சிங்கள நண்பர் ஒருவர் என்னிடம் சொன்னார். எனக்குத் தலை நிமிர முடியவில்லை.

பொய் என்று அப்போது தோன்றவே இல்லை. அவர் மனது நோகக்கூடாது என்று செய்கிறோம் என்றுதான் நினைத்தேன்.

அன்று சனிக்கிழமை. இரண்டு வாரம் விடாமல் பெய்து, அன்றுதான் வெளுத்தது. மழைக்குள் வேலையும் இல்லை, விறகும் இல்லை. முதல் நாளே பரண் முட்ட ஈர விறகை அடுக்கினேன். விடிந்ததும், அது சீக்கிரம் காயட்டும் என்று அடுப்பில் ஒரு பெரிய கட்டையை வைத்துத் தணல் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். எஸ்தருக்குக் காய்ச்சல். அந்த வருஷம் பள்ளியில் பரீட்சை எழுத இருந்த பிள்ளை, முன் அறையில் படுத்திருந்தாள். "பத்து மணி போல கொத்தமல்லி கொதிக்க வச்சுக் குடிச்சிட்டுப் படும்மா" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

பால் நிறுக்கும் இடத்துக்கு வாளியோடு வந்துகொண்டிருந்தபோது லயத்துப் பக்கம் கறுப்புப் புகை தெரிந்தது. வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். அந்த மலை ஏற்றம் முழுக்க ஒரே ஜெபம். "ஆண்டவரே, என் பிள்ளையைக் காப்பாத்தும். என் பிள்ளையை மட்டும் காப்பாத்தும்." வேறு ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது எஸ்தர் முற்றத்தில் ஈரக் கம்பளியோடு கிடந்து இருமிக்கொண்டிருந்தாள். உயிர் இருந்தது. நான் மண்ணில் விழுந்து ஸ்தோத்திரம் சொன்னேன். என்னைத் தூக்கின பார்வதி அக்காவின் முகம் சரியில்லை.

"செல்வி, அவரு உள்ள இருக்காரு" என்றார்.

"யாரு?"

"ஒங்க வீட்டுக்காரரு."

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேட்டு, அவசர லீவு போட்டுக்கொண்டு, போன்கூடப் பண்ணாமல் வந்திருக்கிறார். ரோட்டில் இறங்கினபோதே புகையைக் கண்டு ஓடி வந்து, கம்பளியை நனைத்துக்கொண்டு உள்ளே போய் எஸ்தரைத் தூக்கி வந்திருக்கிறார். பக்கத்துக் காம்பிராவில் ஆள் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். பார்வதி அக்கா அப்போது வேலையிலிருந்து வந்து சேரவில்லை. அக்காவுடைய சின்னப் பிள்ளை உள்ளே தூங்கும் என்று யாரோ சொல்ல, மறுபடியும் போயிருக்கிறார். அந்தப் பிள்ளை அன்று வேலைநேரத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைமடுவத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. இல்லாத பிள்ளையைத் தேடிப் போனவர்மேல் பரணும் கூரையும் சேர்ந்து விழுந்தன.

நான் கேட்டது கிடைத்தது. பிள்ளையை மட்டும் என்று கேட்டேன், பிள்ளை மட்டும் கிடைத்தாள். இதை நினைத்து நான் ஆண்டவரோடு போட்ட சண்டையை இங்கே சொல்ல முடியாது. "அவர் அங்க இருக்கிறது எனக்குத் தெரியாதே, உமக்குத் தெரியுமே" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

படையிலிருந்து வந்து கொடி போர்த்தினார்கள், வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். உயிரோடு இருந்தபோது "ஆமிக்காரன்" என்று இழுத்தவர்கள் "எங்க சாமுவேல்" என்றார்கள். விசாரிக்க வந்தவர்களிடம் லயத்தார் எல்லோரும் ஒரே வாயாக, கரண்ட் கோளாறு என்றார்கள். பரண் என்று ஒருவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

தீயில் தப்பினவர்களைத் தோட்டத்துப் பழைய ஸ்டோரில் தங்கவைத்தார்கள். மூன்றாம் நாள் எஸ்தர் என்னைப் பார்த்து, "நான்தாம்மா. கொத்தமல்லி வச்சிட்டு அடுப்ப அணைக்கல" என்றாள்.

"சீ, அப்படிச் சொல்லாத" என்று மட்டும் சொன்னேன். அது என் கட்டை, என் தணல், என் விறகு என்று அந்த நிமிஷம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அப்பா செத்ததற்கு அம்மா காரணம் என்று தெரிந்தால் அவள் என்னை விட்டுப் போய்விடுவாள் என்று பயந்தேன். என் பிள்ளையின் தலையில் அந்தப் பாரத்தை இருக்கவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. ஊட்டினால் இரண்டு வாய், பிறகு அதுவும் இல்லை. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்து ஊசியில் சத்து ஏற்றி அனுப்பினார்கள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பிள்ளைக்கு வாழ மனசில்லை, இப்படியே போனால் கஷ்டம் என்று சொன்னார். நான் உபவாசம் இருந்தேன். சபையும் எனக்காக உபவாசம் இருந்தது. "ஆண்டவரே, அவ வாயைத் திறந்தருளும்" என்று மாதக்கணக்காகக் கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. என் விசுவாசம் போதாது என்று ஒரு சகோதரி சொன்னார். அவருக்கு அன்று நான் சொன்ன பதிலுக்காக இப்போது மன்னிப்புக் கேட்கிறேன், முழுமனதாக இல்லை.

ஒரு ஞாயிறு பின்னேரம் சபையார் நாங்கள் தங்கியிருந்த ஸ்டோருக்கே வந்து ஜெபித்தார்கள். பார்வதி அக்கா இந்துக் கோயிலுக்குப் போகிறவர், ஆனாலும் வந்து உட்கார்ந்தார். எஸ்தர் சுவரில் சாய்ந்திருந்தாள். "சகோதரி, என்ன காரியத்துக்காக ஜெபிக்கணும், சொல்லுங்க" என்று பாஸ்டர் கேட்டார். என் மகளுக்காக என்று சொல்லத்தான் எழுந்தேன்.

"பரண்ல வெறகு அடுக்கினது நான்" என்று வாயில் வந்தது.

நிறுத்த முடியவில்லை. தணல் போட்டது, லீவு தெரிந்தால் விறகை இறக்கினது, அவரை இத்தனை வருஷம் ஏமாற்றினது எல்லாம் வந்தது. "பிள்ள கொத்தமல்லி வச்சதால ஒன்னும் இல்ல. அவ வைக்காட்டியும் அது பிடிச்சிருக்கும்" என்று சொல்லி முடித்தேன். பார்வதி அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, "நாங்களுந்தான் அடுக்கினோம்" என்றார்.

எஸ்தர் எழுந்து நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சிக்கிட்டே எங்கிட்ட ஏன் சொல்லல? நான் கொன்னுட்டேன்னு நெனச்சிக்கிட்டே கெடந்தேன்ல! ஏம்மா சொல்லல?"

அத்தனை மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட என் மகளின் குரல் அதுதான். என்னைத் திட்டினாள், சபைக்கு முன்னால், தொண்டை கிழிய. பிறகு அழுதாள். பொழுது சாய்வதற்குள் பார்வதி அக்கா கையால் ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள். என் கையால் வாங்கவில்லை.

அடுத்த வாரம் பலாங்கொடையில் இருக்கும் அவளுடைய அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே பள்ளிக்குப் போகிறாள், பரீட்சை எழுதப் போகிறாள். கன்னத்தில் சதை வைத்திருக்கிறது என்று அத்தை சொல்கிறார். நான் இப்போது மழை நாளில் லயம் லயமாகப் போய்ப் பரண்களைப் பார்க்கிறேன். என் கதையைச் சொல்லித்தான் இறக்கச் சொல்கிறேன். சிலர் இறக்குகிறார்கள். நான் திரும்பினதும் ஏற்றுகிறவர்களும் இருப்பார்கள். எனக்குத் தெரியாதா அது?

சபையாரே, உங்களிலும் பூட்டின வாயோடு ஜெபிக்கிறவர்கள் இருப்பீர்கள். பயப்படாமல் கேளுங்கள், அவர் பதில் தருவார். அந்தப் பதில் நமக்குப் பிடிக்கும் என்று நான் சொல்லமாட்டேன். என் சாமுவேல் இல்லாத வீடு இன்னமும் கசக்கிறது, ஜெபித்த பிறகும் கசக்கிறது. ஆனாலும் ஆண்டவரை நம்புங்கள். நான் நம்புகிறேன்.

போன மாதம் எஸ்தர் வந்தாள். வாசலிலேயே நின்று, "இன்னும் ஒங்க மேல கோவமாத்தான் இருக்கேன்" என்றாள். சரிம்மா என்றேன். கோபப்பட என் பிள்ளைக்கு உடம்பில் தெம்பு வந்திருக்கிறது. அதற்காக என் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.