மாமா போகாத ஊர்

அந்த ஊரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. இந்தோனேசியாவில், ஜாவாத் தீவின் தென்கரையில், சிறிய ஆறு ஒன்று கடலில் விழும் இடத்தில் அது இருக்கிறது. நூறுக்கும் குறைவான வீடுகள், ஒரு பள்ளிவாசல், ஓர் ஆரம்பப் பள்ளிக்கூடம், மீன் ஏலம் போடுவதற்குச் சுவரில்லாத ஒரு கொட்டகை. நான் அங்கே போனதில்லை. ஆனால் 2003ஆம் ஆண்டு, மொன்றியலில், ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, அந்த ஊரைப் பற்றி என் அளவுக்குத் தெரிந்தவர் எங்கள் பள்ளிக்கூடத்தில் எவரும் இல்லை.

எங்கள் ஆசிரியையை எல்லோரும் மதாம் என்றே அழைப்போம். அவர் ஒரு பிஸ்கட் டின்னில் நாடுகளின் பெயர்களைத் துண்டுத் தாள்களாகப் போட்டுக் குலுக்கினார். ஆளுக்கு ஒன்றாக எடுத்த நாட்டில் ஒரு கடற்கரைக் கிராமத்தைத் தேர்ந்து, பெரிய மட்டையில் அதன் விபரங்களை எழுத வேண்டும். பக்கத்து மேசைக்காரிக்குப் போர்த்துக்கல் கிடைத்தது. அவளுடைய அப்பாவின் ஊரே அங்கேதான், அதனால் அவள் அன்றைக்கே பாதி வேலையை முடித்துவிட்டாள். எனக்கு இந்தோனேசியா.

மட்டையில் ஏழு கட்டங்கள் இருந்தன. இடம், தொழில், வீடு, உணவு, வழக்கம், ஊரின் பிரச்சினை, கடைசியாகச் சான்றுகள். இவையெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்பதற்குக் குறைந்தது மூன்று சான்றுகள் காட்ட வேண்டும். யார் சொன்னது என்று எழுதாவிட்டால் மற்ற ஆறு கட்டங்களும் வெறும் அலங்காரம் என்றார் மதாம்.

நூலகத்தில் இரண்டு புத்தகங்கள் கிடைத்தன. எரிமலைகளும் கோயில்களும் குரங்குகளும் இருந்தன, கிராமம் இல்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் குசினி மேசையில் இருந்து இதைச் சொல்லி முறையிட்டேன். அம்மாவும் அப்பாவும் வேலையில். கேட்க இருந்தவர் மாமா மட்டும்.

மாமா அம்மாவின் தம்பி. இலங்கையில் மன்னார்ப் பக்கத்துக் கடல்தொழிலாளி. ஒன்றரை வருடத்துக்கு முன் கனடாவுக்கு வந்து, எங்கள் வரவேற்பறைச் சோபாவில் படுத்துக்கொண்டு, துறைமுகத்துக்கு அருகே ஒரு கிடங்கில் கொள்கலன்களில் வரும் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அதிகம் கதைக்கமாட்டார். அன்று கழுவுதொட்டியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தவர், எந்த நாடு என்று திரும்பவும் கேட்டார். சொன்னேன். கையைக் கழுவித் துடைத்துவிட்டு எனக்கு எதிரே வந்து இருந்தார்.

"நான் சொல்லுறன். நீ எழுது."

இரண்டு சனிக்கிழமைகள் அவர் தமிழில் சொல்ல, நான் பிரெஞ்சில் எழுதினேன். பள்ளிக்கூடம் என்னிடம் எதிர்பார்த்ததைவிட அவர் ஒழுங்காகச் சொன்னார். படகு ஒடுக்கமானது, இரண்டு பக்கமும் மூங்கில் மிதவை கட்டியது. எங்கள் வள்ளத்துக்குக் கை இல்லை, அதற்கு இரண்டு கை என்றார். அலை பெரிது. ஆற்று வாயில் நின்று அலைகளை எண்ணி, இடைவெளி பார்த்துத்தான் வெளியே போக வேண்டும். வெள்ளிக்கிழமை தொழுகை முடியும்வரை ஒருவரும் கடலில் இறங்கமாட்டார்கள். வீட்டுச் சுவர்கள் மூங்கிலைப் பிளந்து பாய்போல் பின்னியவை. பெண்கள் மீனைக் கீறி உப்பிட்டு மூங்கில் தட்டுகளில் காயவைப்பார்கள். வெள்ளைச் சட்டையும் சிவப்புக் காற்சட்டையும் போட்ட பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும்வரை, மீனைக் கொத்த வரும் கோழிகளைக் கலைப்பார்கள்.

உணவைப் பற்றி அவருக்கு ஒரு குறை இருந்தது. "சோறு எங்கடை சோறுதான். கறிதான் கறி இல்லை."

பச்சை உடுப்போடு கடற்கரைக்குப் போகக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். பச்சை கடலரசியின் நிறம். உடுத்தியவரை அவள் எடுத்துக்கொள்வாள். மாமாவிடம் இருந்த ஒரே நல்ல சட்டை பச்சை. அவர் தங்கியிருந்த வீட்டுக்காரி அதை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, தன் கணவனின் பழைய சட்டையைக் கொடுத்தாளாம். ஊரின் பிரச்சினை மண். மழைக்காலம் முடிந்ததும் ஆற்று வாய் மண்ணால் அடைபடும், படகைத் தள்ள ஊரே வர வேண்டும். மாமாவும் தள்ளியிருக்கிறார். தள்ளுவதற்குப் பாஷை தேவையில்லை என்றார்.

எவ்வளவு காலம் அங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன். ஒன்பது மாதம் என்றார். ஏன் என்று கேட்டேன்.

"கப்பல் வரும் எண்டு சொன்னவை. வரேல்லை."

சான்றுகள் கட்டத்தில் இரண்டு புத்தகங்களின் பெயர்களை எழுதினேன். மூன்றாவதாக மாமாவின் முழுப் பெயர், வயது, கிடங்குத் தொழிலாளி, இக்கிராமத்தில் ஒன்பது மாதம் வசித்தவர். வகுப்பில் வேறு எவரிடமும் உயிருள்ள சான்று இல்லை. போர்த்துக்கல்காரிகூடத் தன் அப்பாவின் பெயரை எழுத மறந்துவிட்டாள்.

மதாம் என் மட்டையைப் பள்ளிக்கூட நடைவழிச் சுவரில், எல்லோருக்கும் தெரியும் உயரத்தில் ஒட்டினார். மாமாவை ஒரு நாள் வகுப்புக்கு அழைத்து வரமுடியுமா என்று வீட்டுக்கு ஒரு கடிதமும் தந்துவிட்டார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு அதை நான் பெருமையோடு மொழிபெயர்த்தேன். அம்மா கத்தியைக் கீழே வைத்தார். யாருடைய பெயரை எழுதினாய், முழுப் பெயரா, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு என்னை அறைக்குள் போகச் சொன்னார். எங்கள் வீட்டுச் சுவர்கள் மெல்லியவை.

மாமாவின் அகதி விசாரணைக்கு இன்னும் மூன்று கிழமைகள் இருந்தன. அவர் ஏன் மன்னாரை விட்டு ஓடினார் என்று கொடுத்த பத்திரத்தில் இருந்ததெல்லாம் உண்மை. எப்படி வந்தார் என்பதில்தான் ஒன்பது மாதங்கள் இல்லை. கொழும்பிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து நேரே கனடா என்றே எழுதியிருந்தது. இந்தோனேசியாவைச் சொன்னால், அங்கேயே ஏன் அகதித் தஞ்சம் கேட்கவில்லை என்பார்கள், அதோடு வழக்கு முடிந்துவிடும் என்று கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் சொல்லியிருந்தான். எழுதாத அந்த ஒன்பது மாதங்கள் இப்போது அவருடைய பெயரோடு, தீர்ப்புச் சொல்பவர் வாசிக்கக்கூடிய மொழியில், ஒரு பொதுச் சுவரில் இருந்தன. இது எனக்குப் பல வருடங்கள் கழித்து விளங்கியது. அன்று கேட்டது இவ்வளவுதான்.

"அக்கா, பள்ளிக்கூடச் சுவரை ஆர் போய்ப் பாக்கப்போகினம்?"

"நாங்கள் ஒண்டரை வருசமா மூடி வைச்சதை இவள் மூண்டு கலரிலை எழுதி ஒட்டியிருக்கிறாள். உன்னைத் திருப்பி அனுப்பினால் நான் ஆரைப் போய்க் கேக்கிறது?"

அடுத்த நாள் அம்மா அரை நாள் லீவு எடுத்துக்கொண்டு, கோயிலுக்கு மட்டும் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு என்னோடு வந்தார். அம்மாவின் பிரெஞ்சு பொன்ஜூரில் தொடங்கி மெர்சியில் முடிந்துவிடும். நடுவில் இருப்பதை நான்தான் சொல்ல வேண்டும். உருகிய பனிச் சேற்றில் நடந்துகொண்டே அதை எனக்குப் பாடமாக்கினார். மாமா அந்த நாட்டுக்குப் போகவே இல்லை, நீயாகக் கற்பனை பண்ணி எழுதினாய் என்று சொல்ல வேண்டும்.

"எல்லாமோ?"

"எல்லாம்."

"பச்சை உடுப்பும்?"

அம்மா என் கையைப் பிடித்து ஒரு சேற்றுக் குழியைத் தாண்டவைத்தார். "அதுவும்தான் பிள்ளை."

மதாமிடம் அம்மா தமிழில் நீளமாகச் சொன்னார், நான் பிரெஞ்சில் சுருக்கமாகச் சொன்னேன். நான் பொய் எழுதினேன் என்ற பொய்யை என் வாயாலேயே சொன்னேன். மதாம் என்னைப் பார்க்கவில்லை; அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆற்று வாய் மண்ணையும் நீயா யோசித்தாய் என்று என்னிடம் கேட்டார். அதை நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. ஆம் என்றேன்.

மதாம் எழுந்து போய் மட்டையைச் சுவரிலிருந்து எடுத்துவந்தார். கத்தரிக்கோலால் கடைசிக் கட்டத்தில் மாமாவின் பெயர் இருந்த கடைசி மூன்று வரிகளை நேராக வெட்டி, அந்தத் துண்டை அம்மாவின் கையில் கொடுத்தார். அம்மா அதை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு மதாம் என்னிடம் திரும்பி, இப்போது இரண்டு சான்றுகள்தான் இருப்பதால் அதற்குரிய புள்ளி குறையும், மற்ற ஆறு கட்டங்களும் மிக நன்று என்றார். மட்டையைச் சுருட்டி என்னிடம் தந்து, வீட்டில் வைத்துக்கொள் என்றார்.

எனக்கு அவர்மேல் கடும் கோபம். நான் பொய் எழுதியிருந்தால் பூச்சியம் தர வேண்டும். உண்மை எழுதியிருந்தால் முழுப் புள்ளி தர வேண்டும். இந்த நடுப் புள்ளிக்கு என்ன அர்த்தம் என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. அவரால்தான் நான் பொய்க்காரி ஆனேன் என்று மாமாவோடும் கதைப்பதை நிறுத்தினேன். விசாரணைக்குப் போனார், வந்தார். சில கிழமைகளில் ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்தது. அம்மா செபமாலையோடு கொஞ்ச நேரம் முழங்காலில் இருந்தார். அப்பா டோர்வல் விமான நிலையத்தில் விமானம் துப்புரவாக்கும் வேலை முடிந்து வரும்போது கேக் வாங்கிவந்தார்.

அதற்குப் பிறகு வந்த சனிக்கிழமை வீட்டில் நாங்கள் இரண்டு பேரும்தான். மாமா என் கட்டிலுக்குக் கீழேயிருந்து மட்டையை எடுத்துக் குசினி மேசையில் விரித்து, சுருளாமல் இருக்க உப்புப் போத்தலையும் சீனிப் போத்தலையும் மூலைகளில் வைத்தார். அவருக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. தமிழில் சொல்லச் சொன்னார். வேண்டாவெறுப்பாகச் சொன்னேன். படகு, அலை, கோழி. தான் சொன்னதையே முதன்முறை கேட்பவரைப்போலக் கேட்டார். ஓரிரு இடங்களில், "ஓம், அப்பிடித்தான்," என்றார். வீட்டுக்காரியின் பெயர் எங்கே எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். அதற்கு ஒரு கட்டமும் இல்லை என்றேன். அவர் அந்தப் பெயரை ஒரு முறை சொன்னார். சொல்லிவிட்டு, அந்தப் பெட்டிப் பூட்டைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார்.

நான் இடைமறித்தேன். "நீங்கள் அங்கை போகவே இல்லைத்தானே, மாமா. அம்மா சொன்னவ."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். உப்புப் போத்தலையும் சீனிப் போத்தலையும் எடுத்து அலுமாரியில் வைத்தார். மட்டை தானாகச் சுருண்டது.

"ஓம் பிள்ளை," என்றார். "போகேல்லை."

நான் வென்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அந்த ஊரைப் பற்றி அவர் கதைக்கக்கூடிய ஆள் இந்த நாட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன் என்பது எனக்கு அப்போது தெரியாது.