ஒன்றில் வைத்து வாசித்தவர்

கோட்டூர்புரத்தில் எங்கள் கீழ் வீட்டுக்காரர் இரண்டாம் முறையும் படியேறி வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். இன்னொரு புகார் வந்தால் கிட்டாரை விற்றுவிடுவதாக மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். கிட்டாரின் ஒலிபெருக்கியான பழைய ஆம்ப்பை ஓரங்கட்டிவிட்டு, பெரிய ஆம்ப்களின் தொனியை மெல்லிய சத்தத்திலேயே தரும் சின்ன மாடலிங் ஆம்ப் ஒன்று வாங்க தி.நகருக்குப் போனேன்.

கடை விற்பனையாளர் ஒல்லியான மனிதர். இடக்கை விரல்நுனிகள் கம்பி அழுத்திக் காய்த்துப் போயிருந்தன. கீழ் வீட்டுப் புகாரைச் சொன்னதும், பெரிதும் சிறிதுமாக இரண்டு ஆம்ப்களை மேசைமேல் எடுத்து வைத்தார். நான் வாசித்தபோது, அந்த மேசைமேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார்.

"கீழ் வூட்டுக்குப் போறது இந்த அதிர்வுதான் சார்."

பத்து வரை எண் போட்ட குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டப் போனேன். தடுத்தார்.

"கடையில எல்லாரும் முறுக்கி வெச்சுக் கேட்டுட்டு வாங்கினு போறாங்க. வூட்ல ஒண்ணுல வெச்சுதான் வாசிக்கிறாங்க. ஒண்ணுல எது நல்லா கீதுன்னு பாருங்க."

குமிழை ஒன்றில் வைத்தபோது பெரியது உயிரில்லாமல் முனகியது. செங்கல் அளவே இருந்த சின்னது முழுசாகப் பாடியது. அதையே எடுத்துக்கொண்டேன்.

"நீங்க வீட்டுல எதுல வாசிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"ஹெட்போன் மாட்டிக்கினுதான் சார். சுவருக்கு அந்தாண்ட ஹவுஸ் ஓனர். நான் வாசிச்சு எங்க வூட்ல யாரும் கேட்டதே இல்ல."

கடையில் அப்போது வேறு யாரும் இல்லை. கிட்டாரை அவரிடம் நீட்டி, நன்றாகச் சத்தம் வைத்து வாசிக்கச் சொன்னேன். வெட்கப்பட்டுச் சிரித்தார், ஆனால் மறுக்கவில்லை. குமிழைத் திருகினார். அது ஒன்றரையில் போய் நின்றது.