சாக்கடைக்கு ஒரு நல்ல பேர்

கண்ணைத் திறந்துகொண்டே கனவு காண்கிற வியாதி எனக்கு உண்டு. இந்தப் பக்கத்தை வாராவாரம் புரட்டுகிறவர்களுக்கு அது தெரிந்ததுதான். தாதர் டிராம் ஓடியவரை அதில் உட்கார்ந்து கனவு கண்டேன். டிராமை நிறுத்திவிட்டார்கள்... இப்போது பஸ்ஸில் காண்கிறேன். போன சனிக்கிழமை மட்டும் தாராவியில், ஒரு சாக்கடை ஓரத்தில் நின்றபடி கண்டேன்.

உடனே மூக்கைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். சொல்கிறேன்.

எங்கள் மாதுங்கா மாதர் சங்கம் தாராவிப் பெண்களுக்காக ஒரு பயிற்சி வகுப்பு நடத்தியது. தையல் இல்லை, ஊறுகாய் இல்லை. சாக்கடை அடைப்பு எடுப்பது, தேங்கின தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்து எண்ணெய் தெளிப்பது, குப்பையைப் பிரித்து அள்ளுவது. கையுறை, பூட்ஸ், நீளக் கொக்கி எல்லாம் கொடுத்தோம். தேறினால் முனிசிபாலிடியில் வேலை. ரிடையரான மராட்டி இன்ஸ்பெக்டர் ஒருவர் இந்தியில் பாடம் சொல்லுவார். அதைத் தமிழில் சொல்லுவது என் பொறுப்பு.

நடுவில் நான் கனவுக்குப் போய்விட்டால்? மொத்த வகுப்பும் காத்திருக்கும், பாவம்.

பேச்சியம்மாள் முதல் வரிசையில் உட்காருவாள். திருநெல்வேலிப் பக்கம். புருஷன் வேலை பார்த்த தோல் பட்டறையை மூடிவிட்டார்கள். ஊருக்கே போய்விடலாம் என்று அவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். இவளுக்கோ மகளை இங்கே பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்த மனசில்லை. இந்த வேலை கிடைத்தால் பம்பாய், கிடைக்காவிட்டால் ரயில் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தார்கள். 

முதல் நாளே என் காதருகே வந்தாள். “எக்கா, இந்த மனுசர் எதை எடுத்தாலும் நல்லா நல்லாங்காரே, எதுக்கு?”

எனக்கு ஒரு நிமிஷம் ஓடவில்லை. அப்புறம் புரிந்தது. அவர் சொன்னது ‘நாலா’. இந்திக்காரர்களுக்கு நாலா என்றால் சாக்கடை, கால்வாய். சொன்னேன். பேச்சி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

“சாக்கடைக்கு யாருக்கா இம்புட்டு நல்ல பேரு வச்சது?”

அன்றிலிருந்து வகுப்பு முழுக்க அந்தப் பேர்தான். நல்லா பக்கம் போயிட்டு வாரேன் என்பார்கள், நல்லா அடைச்சுக்கிட்டுது என்பார்கள். இன்ஸ்பெக்டர் தன் உச்சரிப்பைத்தான் கற்றுக்கொள்கிறார்கள் என்று மகிழ்ந்துபோனார்.

அவர் சொல்லித்தந்ததில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. தண்ணீர் ஓடுகிறதா என்று பார்க்க அதில் ஓர் இலையைப் போட வேண்டும். இலை எங்கே நிற்கிறதோ அங்கே அடைப்பு. கேட்டதும் நான் இலையோடு போய்விட்டேன்... காலையில் மாதுங்காவில் நான் குளிக்கிற தண்ணீர், சோப்பு நுரையோடு இறங்கி, சந்து சந்தாகத் திரும்பி, இவர்கள் வாசல்களைத் தாண்டித்தானே கழிமுகத்துக்குப் போகிறது? இத்தனை வருஷம் குளித்திருக்கிறேன், ஒரு நாளாவது அது எங்கே போகிறது என்று கேட்டேனா? பேச்சி என் முழங்கையைத் தட்டினாள். இன்ஸ்பெக்டர் அடுத்த பாடத்துக்குப் போயிருந்தார்.

போன சனிக்கிழமை பரீட்சை. அவரவர் சுத்தம் செய்த சாக்கடையை முனிசிபாலிடி ஆபீசர் வந்து பார்ப்பார், கேள்வி கேட்பார். பதில் இந்தியில் இருக்க வேண்டும், ஏனென்றால் வேலை வாங்கப்போகிற மேஸ்திரிகளுக்குத் தமிழ் தெரியாது. நான் வாயைத் திறக்கக் கூடாது என்று முதலிலேயே உத்தரவு போட்டுவிட்டார்.

பேச்சி பரீட்சைக்கென்று கனகாம்பரம் வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

ஆபீசர் கேட்டார்: “நாலா கைசா ஹை?” எப்படி இருக்கிறது என்று.

பேச்சிக்கு வகுப்பில் கேட்டுப் படித்த இந்தியெல்லாம் பறந்துவிட்டது. தலையை நன்றாக ஆட்டி, “நல்லா ஹை” என்றாள்.

அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? சாக்கடை எப்படி இருக்கிறது என்றால், சாக்கடையாக இருக்கிறது என்கிறாள்! முகம் கறுத்தது. மறுபடி கேட்டார். இவள் இன்னும் பலமாக, ‘ரொம்ப’வையும் சேர்த்து, “பஹுத் நல்லா ஹை!” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தன்னைக் கிண்டல் செய்கிறாள் என்றே முடிவு கட்டி, அவர் பேனாவைத் திறந்தார். மகளும் ரயிலும் பள்ளிக்கூடமும் அந்தப் பேனா முனையில் இருக்க, எனக்கோ வாயைத் திறக்க உத்தரவில்லை.

பேச்சி சுற்றுமுற்றும் பார்த்தாள். இலைக்கு எங்கே போவாள், அந்தச் சந்தில் மரமா இருக்கிறது? தலையிலிருந்து ஒரு கனகாம்பரத்தைக் கிள்ளித் தண்ணீரில் போட்டாள்.

பூ நகர்ந்தது.

ஆபீசர் பேனாவைத் திறந்தபடியே அதன் பின்னால் நடந்தார். நாங்களும் நடந்தோம். கறுப்புத் தண்ணீரில் ஆரஞ்சுப் பூ, ஒரு வாசலைத் தாண்டியது, இன்னொரு வாசலைத் தாண்டியது. எங்கோ ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நான் தாராவியில் இருக்கிறேன் என்பதே மறந்துபோயிற்று... ஏதோ தேர் பின்னால் போகிற மாதிரி போய்க்கொண்டிருந்தேன். வளைவில் பூ நின்று ஒரு சுற்றுச் சுற்றியது. பேச்சி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் திறப்பதற்குள் பூ வளைவைத் தாண்டிப் போய்விட்டது.

ஆபீசர் என் பக்கம் திரும்பி, இவள் பாஷையில் என்னதான் சொன்னாள் என்று கேட்டார். எங்கள் ஊரில் நல்லா என்றால் ‘அச்சா’ என்றேன். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது. பேச்சியிடம் மறுபடி அதே கேள்வி: “நாலா கைசா ஹை?”

இந்தத் தடவை அவள் உஷாராகிவிட்டாள். நிதானமாக, “அச்சா ஹை, சாப்” என்றாள்.

“நஹி, நஹி” என்று கையை ஆட்டி மறுத்தார் அவர். “நல்லா ஹை.”

பேச்சிக்கு வேலை உறுதி. புருஷன் ரயில் பேச்சை விட்டுவிட்டான், மகள் திங்கட்கிழமை வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போனாள். எனக்குத்தான் ஒரு சங்கடம் ஒட்டிக்கொண்டது. மாதுங்காவில் யாராவது “நல்லா இருக்கேளா?” என்று கேட்டால் சட்டென்று பதில் வருவதில்லை.

முதலில் வாசலில் தண்ணீர் ஓடுகிறதா என்று எட்டிப் பார்க்கிறேன்.